தால்மியிடம் தொழில் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஸ்டார்ட்-அப்’ தொடர் 2020 அக்டோபரில் கொரியாவின் டிவிஎன் சேனலில் தொடங்கி, டிசம்பர் முதல் வாரத்தில் 16 பாகங்களோடு முடிந்தது. பே சூசி நடித்த சோ தால்மி என்ற அந்தப் பெண்ணை, தொழில் தொடங்க நினைப்பவர்கள் இன்றும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். ஆசை, நேர்மை, காதல் மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டு போனவள் என்பதுதான் காரணம். நல்ல முன்மாதிரிதான். ஆனால் அவள் கதையிலிருந்து பலரும் எடுத்துக்கொள்ளும் பாடங்கள் எனக்குக் கவலை தருகின்றன. முடிவு வரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பெரிய தவறு, அவளுடைய ஆசையைக் குற்றவாளி ஆக்குவது. “வேலை வேலை என்று ஓடாமல் இருந்திருந்தால் காதல் நிலைத்திருக்கும்” என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கதையைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். தால்மி பள்ளிப் படிப்போடு நிறுத்தியவள், ஒப்பந்த வேலையில் இருந்தவள். அப்பா வேலையை விட்டுத் தொழில் தொடங்கியதில் குடும்பம் உடைந்தது. அக்கா இன்ஜே அம்மாவோடு போனாள், இவள் அப்பாவோடு நின்றாள். அந்த அப்பாவும் முதலீடு கைகூடும் நேரத்தில் இறந்துபோனார். இப்படிப்பட்டவளுக்கு ஆசை இல்லாமல் எப்படி இருக்கும்? அந்த ஆசைதான் அவளை ஹேக்கத்தானுக்கு, அதாவது குறுகிய நேரத்தில் குழுவாக மென்பொருள் செய்து காட்டும் போட்டிக்கு, இழுத்துப் போனது, தோசானும் நண்பர்களும் தொடங்கிய சாம்சான் டெக் நிறுவனத்தின் சிஇஓ ஆக்கியது. அவர்கள் செய்த நல்ல பொருள், பார்வையற்றோருக்கு உதவும் நூன்கில் செயலி. அவள் பாட்டியின் கண்பார்வை மங்கிவருவது அவள் காதலன் தோசானுக்குத் தெரியவந்ததால் பிறந்தது. அங்கே காதலும் தொழிலும் ஒரே திசையில்தான் போயின. உடைந்த இடங்களை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அவளிடம் எதையோ மறைத்திருக்கிறார், அல்லது அவளே எதையோ மறைத்திருக்கிறாள்.

முதலில், தால்மிக்குச் சிறுவயதில் வந்த கடிதங்கள். தனிமையில் வாடும் பேத்திக்காகப் பாட்டி கேட்டுக்கொண்டதால், ஹான் ஜிப்யோங் என்ற பையன் தோசான் என்ற பெயரில் கடிதம் எழுதுகிறான். அந்தப் பெயருக்கு உரியவனுக்கு எதுவும் தெரியாது. வருடங்கள் கழித்து, அக்காவுக்கு முன்னால் தாழ்ந்துபோகக் கூடாது என்று தால்மி ஒரு பொய் சொல்கிறாள்: தானும் தோசானோடு தொழில் செய்வதாக. அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஜிப்யோங் உண்மையான தோசானைத் தேடிப் பிடித்து நடிக்கச் சொல்கிறார். எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான், அதுதான் ஆபத்து. நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்யைத் திரும்பப் பெற யாருக்கும் மனம் வருவதில்லை, நாளை சொல்லலாம் என்றே தள்ளிப்போகிறது. தொழிலில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். இன்னும் கையெழுத்தாகாத வாடிக்கையாளரைப் பட்டியலில் சேர்ப்பது, பாதி முடிந்த பொருளை முடிந்ததாகக் காட்டுவது, “அடுத்த மாதம் சரியாகிவிடும்” என்று கூட்டாளியிடம் கணக்கை மறைப்பது. உண்மை வெளியே வரும்போது கேள்விக்குள்ளாவது அந்த ஒரு பொய் மட்டும் இல்லை, அதுவரை பேசிய எல்லாப் பேச்சும்தான்.

அப்புறம் பங்குப் பிரிவு. நண்பர்கள் என்பதால் சாம்சான் டெக்கில் கிட்டத்தட்ட சமமாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். வழிகாட்டியாக வரும் ஜிப்யோங் அதைப் பார்த்துக் கடிந்துகொள்கிறார். ஆறாவது பாகத்தின் தலைப்பே ‘கீ மேன்’, அதாவது இவர் போனால் கம்பெனியே இல்லை என்னும்படியான ஆள். சமப் பங்கு அன்பைக் காட்டுவதுபோலத் தோன்றும். முடிவெடுக்க வேண்டிய நாளில் ஒருவர் கையிலும் அதிகாரம் இருக்காது, முதலீட்டாளர்கள் தயங்குவதும் அதனால்தான். யார் எவ்வளவு முக்கியம் என்று முகம் பார்த்துப் பேச வெட்கப்பட்டுத்தான் பெரும்பாலான நண்பர்கள் சமமாகப் பிரிக்கிறார்கள். அந்தச் சங்கடமான பேச்சை முதல் மாதமே பேசிவிட வேண்டும். நடுவில் விலகினால் பங்கு என்னாகும் என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும்.

இந்தத் தொடரில் தொழில்முனைவோர் இரண்டு முறை பார்க்க வேண்டிய இடம், முதலீட்டாளர்கள் முன்னால் தங்கள் பொருளைக் காட்டும் டெமோ டே முடிந்த பிறகு வரும் ஒப்பந்தம். டூஸ்டோ என்ற அமெரிக்க நிறுவனம் சாம்சான் டெக்கை வாங்க முன்வருகிறது. மகிழ்ச்சியில் முத்திரை குத்திவிடுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அவர்கள் வாங்கியது மூன்று பொறியாளர்களை. தோசானும் அவன் நண்பர்கள் இருவரும் மூன்று வருடம் அமெரிக்காவில் வேலை செய்ய வேண்டும். தால்மிக்கும் வடிவமைப்பாளர் சாஹாவுக்கும் இடமில்லை. இது கற்பனைச் சதி இல்லை. ஆட்களுக்காகவே கம்பெனியை வாங்குவது தொழில்நுட்ப உலகில் சாதாரணமாக நடப்பது. நல்ல குழுவை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்ப்பதைவிட மொத்தமாக வாங்குவது வாங்குபவருக்கு எளிது.

இங்கே டூஸ்டோவைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது தவறு. தால்மி சிஇஓ. யாருக்கு வேலை, எத்தனை வருடம், பணத்தில் எவ்வளவு உடனே வரும், எவ்வளவு தங்கியிருந்தால்தான் வரும், செயலியை நம்பியிருக்கும் பயனர்கள் கதி என்ன, எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்க வேண்டும். தங்கள் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர் படிக்கும் வரை முத்திரையைத் தொட்டிருக்கக் கூடாது. கொரியாவிலேயே நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். உணவு டெலிவரி செயலியான பேமினை நடத்தும் ஊவா பிரதர்ஸை ஜெர்மனியின் டெலிவரி ஹீரோ வாங்கப்போவதாக 2019 டிசம்பரில் அறிவித்தார்கள். போட்டி ஆணையம் நிபந்தனையோடு சம்மதம் சொன்னது 2020 டிசம்பர் கடைசியில், இந்தத் தொடர் முடிந்து சில வாரங்களில். அது மிகப் பெரிய நிறுவனம், ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் ஒரு கம்பெனி கைமாறுவது எவ்வளவு பேர் உட்கார்ந்து படிக்க வேண்டிய வேலை என்பது அதில் தெரியும். அவசரப்படுத்தும் வாங்குபவரைக் கண்டால் அந்த அவசரம் யாருக்கு லாபம் என்று கேளுங்கள்.

காதலில் பலரும் கொண்டாடும் காட்சி அதற்கு அடுத்து வருகிறது: தோசானின் நல்லதுக்காக அவனை விலக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்கிறாள் தால்மி. கண்ணீர் வரவைக்கும் காட்சி, எனக்கும் வந்தது. ஆனால் அதைத் தியாகம் என்று பாராட்ட என்னால் முடியவில்லை. கடிதம் எழுதியவர்கள் அவளுக்குச் செய்ததைத்தான் அவள் அவனுக்குச் செய்கிறாள். உண்மையை முழுதாகச் சொல்லாமல் அவன் முடிவைத் தானே எடுத்துவிடுகிறாள். துணையாக இருப்பவருக்கு எல்லாத் தகவலும் கிடைத்த பிறகு அவர் எடுக்கும் முடிவுதான் அவருடைய முடிவு. கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் கடைக்கும் இதேதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: மனதில் பட்டதை அப்படியே முகத்தில் அடிப்பதை நேர்மை என்று நினைப்பது. ஜிப்யோங்கின் கடுமையான விமர்சனத்தைக் கேட்ட ஒரு இளம் நிறுவனர் உயிரை விட்டுவிடுகிறார். அவர் சாம்சான் டெக்கின் யோங்சானுக்கு அண்ணன். கொரியாவில் கம்பெனிக் கடனுக்கு நிறுவனரே தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க வேண்டியிருந்த காலம் நீண்டது. அரசு சார்ந்த நிதி நிறுவனங்கள் அந்த உத்தரவாத முறையை 2018இல்தான் கைவிட்டன. அவ்வளவு சுமையோடு நிற்பவரிடம் உண்மையை எப்படிச் சொல்வது? அதே 2020இல் வந்த ‘இத்தேவோன் கிளாஸ்’ தொடரில் பதில் இருக்கிறது. சமையல்காரி ஹியோன்யியின் சாப்பாடு நன்றாக இல்லை, நீக்கிவிடலாம் என்கிறாள் மேலாளர் இசோ. முதலாளி பார்க் சேரோயி இரண்டு மடங்கு சம்பளத்தைக் கையில் கொடுத்து, இரண்டு மடங்கு உழைக்கச் சொல்கிறான். குறையை மறைக்கவும் இல்லை, அவளைக் கைவிடவும் இல்லை. அதற்கான விலையைத் தானே கொடுக்கிறான்.

கடைசியாக, தால்மி–தோசான் திருமணத்தை எல்லாம் சரியாகிவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணக்கில் அவள் வளர்ந்த இடம் அதற்கு முன்பே வந்துவிட்டது. கம்பெனி போன பிறகு, யாருக்கு முன்னால் தாழக் கூடாது என்று அந்த முதல் பொய்யைச் சொன்னாளோ, அந்த இன்ஜேயிடமே போய் வேலை கேட்கிறாள். இந்த முறை தன் நிலைமையை மறைக்கவில்லை. அங்கே உழைத்துத்தான் மூன்று வருடத்தில் தானியங்கிக் கார் செய்யும் சோங்மியோங் கம்பெனிக்குத் தலைவராகிறாள். சோங்மியோங் அவள் அப்பாவின் பெயர்.