காலி பிக்கப் குலுங்காமல் ஓட: டயர் அளவும் காற்றழுத்தமும்

பிக்கப் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் ஒரு டன் அளவிலான சரக்கைத் தாங்குவதற்காக அடுக்கப்பட்டவை என்பதால், சரக்குத் தொட்டி காலியாக இருக்கும்போது அவை எளிதில் வளைந்துகொடுப்பதில்லை. அந்த நிலையில் பள்ளம் மேடுகளின் அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஆகவே பயணம் மென்மையாக வேண்டும் என்போர் முதலில் காற்றழுத்தத்தைச் சீர்செய்ய வேண்டும். புது டயர் வாங்குவதைப் பற்றி அதன் பிறகே யோசிக்கலாம்.

சரியான அழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தமேயன்றி, உங்கள் வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டது அல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு உச்ச அளவுக்குக் காற்று அடித்துவிடுவதே பல காலி வண்டிகள் துள்ளுவதற்குக் காரணம். ஒட்டுத்தாளில் காலி வண்டிக்கும் முழுச் சரக்குக்கும் தனித்தனி அளவுகள் தரப்பட்டிருந்தால், சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் தொட்டியுடன் நெடுந்தூரம் திரும்பும்போது பின்டயர்களைக் காலி வண்டிக்குரிய அளவுக்கு இறக்குங்கள். மீண்டும் சரக்கு ஏற்றும் முன் மறவாமல் உயர்த்துங்கள்.

அளப்பது எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு இருக்க வேண்டும். 35 பிஎஸ்ஐ உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். ஓடிச் சூடான டயரில் அந்தக் கூடுதலைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த அழுத்தத்தில் நிற்கும். மென்மைக்கு ஆசைப்பட்டு ஒட்டுத்தாள் அளவுக்குக் கீழே செல்லவே கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பக்கச்சுவர் மிகையாக மடங்கி மடங்கிச் சூடேறி, வெயில் காலத்து நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கவும் கூடும். டயரில் சாலையைத் தொடும் பரப்பின் குறுக்கே சாக்கட்டியால் கோடு இழுத்துச் சிறிது தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

இனி அளவு. 265/65 ஆர்17 என்பதில் 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதன் பக்கச்சுவர் சுமார் 172 மி.மீ. உயரமுடையது. 265/60 ஆர்18 டயரிலோ அது 159 மி.மீ. மட்டுமே. ஆனால் இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 776 மி.மீ.தான். ஆகவே 18 அங்குல ரிம்மிலிருந்து 17-க்கு இறங்கினால், வேகமானியின் கணக்கு மாறாமலேயே 13 மி.மீ. கூடுதல் காற்று மெத்தை கிடைக்கிறது. பார்வைக்காகப் பெரிய ரிம் மாட்டுவது இதற்கு நேர் எதிரான வேலை. சிறிய ரிம் பிரேக் பாகங்களில் உரசாமல் பொருந்துகிறதா என்பதை மாட்டிப் பார்த்தே பணம் கொடுங்கள்.

சுமைக்குறியீட்டை எக்காரணத்தாலும் குறைக்காதீர்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோவும், 110 என்றால் 1,060 கிலோவும் தாங்கும். எல்டி (லைட் டிரக், அதாவது இலகுரகச் சரக்கு வண்டி) வகை டயர்கள் கனத்த அடுக்குகளால் விறைப்பானவை. அதே சுமைக்கு அதிக அழுத்தமும் கேட்பவை. நாள்தோறும் பாரம் ஏற்றுவோருக்கு அவை தேவை; குடும்பப் பயணத்துக்கே வண்டியைப் பெரிதும் பயன்படுத்துவோர், வண்டியின் கையேடு அனுமதித்தால், சாதாரண வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இத்தனையும் செய்த பின்னரும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு வந்தால் வீல் பேலன்சிங் பாருங்கள். பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரைச் சோதியுங்கள்.