சர்வர் ஃபோல்டர் உள்ளே விடவில்லையா? பாஸ்வேர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ், சேலைக் கடை, ஆத்தங்குடி டைல் பட்டறை எதிலும் பெரும்பாலும் பெரிய சர்வர் இருக்காது. ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரையோ சின்ன நாஸ் பெட்டியையோ (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) பொதுவாக வைத்து, டேலி டேட்டாவையும் பில்களையும் அதில் போட்டிருப்பார்கள். இந்தப் பதிவு அந்த மாதிரி ஆபீசுக்கு. டொமைன் (எல்லாருடைய கணக்கையும் ஒரே சர்வர் கவனிக்கும் ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்கு வழிமுறை வேறு.

காலையில் ஒருவருக்கு சர்வர் திறக்கவில்லை என்றதும் எல்லாரும் கை வைப்பது பாஸ்வேர்டில்தான். தயவுசெய்து வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்காக சர்வரில் பாஸ்வேர்டை மாற்றினால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த மற்ற கம்ப்யூட்டர்களும் சேர்ந்து நின்றுவிடும்.

1. என்ன சொல்லி மறுக்கிறது?

திரையில் வரும் செய்தியை முழுதாகப் படியுங்கள். நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை (பிழை எண் 53 அல்லது 0x80070035) என்றால் சர்வரையே எட்டவில்லை. பாஸ்வேர்டு பேச்சே இன்னும் வரவில்லை. பெயரோ பாஸ்வேர்டோ தவறு (1326, 86) என்றால் வாசல்வரை போய்விட்டீர்கள். அனுமதி இல்லை (பிழை 5) என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு சரி, ஃபோல்டரில்தான் உரிமை இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு.

2. சர்வரையே காணவில்லை என்றால்

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சர்வரின் பெயருக்குப் பதில் அதன் ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்: \\192.168.1.50 (உங்கள் சர்வரின் எண்ணைப் போடவும்). எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால், சர்வர் ஃபோல்டரை எண்ணிலேயே மேப் செய்துவிடுங்கள் (ஒரு டிரைவ் மாதிரி இணைத்துவிடுங்கள்). சின்ன ஆபீசுக்கு எப்போதும் அதுதான் என் தேர்வு.

எண்ணிலும் திறக்கவில்லையா? கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் சர்வருக்கு வேறு எண் கொடுத்திருக்கலாம். ரவுட்டரின் செட்டிங்ஸில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ போட்டு எண்ணை நிலையாக்குங்கள். ரவுட்டரையே மாற்றியிருந்தால், சர்வர் கம்ப்யூட்டர் புது நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வாலில் வழியை மூடியிருக்கும். செட்டிங்ஸில் அதை ‘பிரைவேட்’ ஆக்கினால் போதும்.

பிங் கட்டளை கொடுத்துக் கூப்பிட்டதற்குச் சர்வர் பதில் சொல்லவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஃபயர்வால் அதை மட்டும் தடுத்திருக்கலாம். பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.50 -போர்ட் 445’ என்று (ஆங்கில எழுத்தில்) அடியுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ வந்தால் ஃபோல்டர் பகிர்வுக்கான வழி (போர்ட் 445) திறந்திருக்கிறது.

பழைய செட்டிநாட்டு வீட்டில் ஆபீஸ் நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முகப்பில் இருக்கும் வைஃபை அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகாது. அதற்காக உள்ளே இன்னொரு ரவுட்டரை மாட்டுவார்கள். அது 192.168.0 என்று தனி வரிசையில் எண் கொடுக்க ஆரம்பிக்கும். சர்வர் அந்த உள் ரவுட்டரில் இருந்தால் முகப்புக் கம்ப்யூட்டர்களுக்கு அது தெரியவே தெரியாது. உள் ரவுட்டரின் எண்ணை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (எண் கொடுக்கும் வேலையை) அணைத்து, கேபிளை ‘வான்’ (வெளி இணைப்பு) துளையிலிருந்து கழற்றி ‘லேன்’ (உள் இணைப்பு) துளையில் செருகுங்கள். சர்வருக்கு மட்டுமாவது கேபிள் இழுத்துவிடுங்கள். வைஃபையில் டேலி டேட்டா வைப்பது ஆபத்து.

3. பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ஏற்கவில்லை

அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். முதலில், கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கும் நாலு இலக்கப் பின் இங்கே செல்லாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது. சர்வர் கேட்பது சர்வரில் உள்ள கணக்கின் பாஸ்வேர்டை.

பெயரையும் முழுதாகக் கொடுங்கள்: சர்வரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு கணக்கின் பெயர். முன்னொட்டு இல்லாமல் அடித்தால், விண்டோஸ் அதை வேறு இடத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளக்கூடும். சர்வர் கணக்கில் பாஸ்வேர்டே வைக்காமல் விட்டிருந்தால் 1327 வரும். வெற்றுப் பாஸ்வேர்டில் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது.

அடுத்து, சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டு. கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’, அதில் ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’. சர்வரின் பெயரில் ஒன்று, எண்ணில் ஒன்று என இரண்டு பதிவுகள் இருக்கலாம். இரண்டையும் நீக்குங்கள். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு ‘செய்து பார்த்தாச்சு, சரியாகலை’ என்பவர்கள் நிறைய.

நீக்கிய பிறகும் 1219 வருகிறதா? பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகளில் போக விண்டோஸ் அனுமதிக்காது. டேலியை மூடிவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூஸ்’ என்று அடித்தால் திறந்திருக்கும் இணைப்புகள் தெரியும். ‘நெட் யூஸ் * /டெலீட்’ எல்லாவற்றையும் துண்டிக்கும். மேப் செய்த டிரைவ்களும் போய்விடும், திரும்ப மேப் செய்யவேண்டும்.

இங்கே கவனம்: கமாண்ட் பிராம்ப்டைச் சாதாரணமாகத் திறவுங்கள். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால் அது தனி உலகம். உங்கள் இணைப்புகள் அதில் தெரியாது, பட்டியல் காலி என்று காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

கணக்கு பூட்டிக்கொண்டால் (1909) யார் பழைய பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-ல் பத்து தடவை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பல ஆபீசில் குற்றவாளி ஜெராக்ஸ் மெஷின்தான்: ‘ஸ்கேன் டு ஃபோல்டர்’ பதிவில் பழைய பாஸ்வேர்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஸ்கேனருக்குத் தனிக் கணக்கு ஒன்று போட்டுவிடுங்கள்.

4. அனுமதி இல்லை என்றால்

ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ இரண்டு இடத்திலும் அந்தக் கணக்குக்கு உரிமை வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். புதிதாக ஒரு குரூப்பில் சேர்த்திருந்தால் கம்ப்யூட்டரை லாக் ஆஃப் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: விண்டோஸ் 11, 24ஹெச்2

இந்த அப்டேட் வந்தபின் பழைய நாஸ் பெட்டி திறக்கவில்லை என்றால் காரணம் இரண்டு. ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவை மூடிவிட்டார்கள். எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டரைப் பகிரும் முறை) கையொப்பத்தையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். பாதுகாப்பை அணைக்கும் குறுக்குவழிகளைப் பின்பற்றாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு கணக்கும் பாஸ்வேர்டும் போட்டு, அதன் ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பியுங்கள். எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ மறுபடி இயக்குவதும் கூடவே கூடாது. 2017-ல் டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான். ஃபர்ம்வேர் புதுப்பிப்பே வராத பெட்டியாக இருந்தால், டேட்டாவை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து சரிபார்த்துவிட்டுப் பெட்டியை மாற்றுங்கள்.