தலைகீழ் ஜெல்லி மீன் இருக்கும் தண்ணீரில் இறங்குவது எப்படி

ஜெல்லி மீனைத் தொட்டால்தான் கொட்டும் என்று நினைப்போம். தலைகீழ் ஜெல்லி மீனான கேசியோபியா அப்படியில்லை, அதைத் தொடாமல் பக்கத்தில் நீந்தினாலே உடம்பு அரிக்கும்.

இது மற்றவை போல மிதந்து திரியாது. குடை தரையில், கைகள் மேலே என்று மல்லாந்து கிடக்கும். உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுக்கு வெயில் வேண்டும், அவை தயாரிக்கும் உணவுதான் இதற்கும் பெரும்பாலும் சாப்பாடு. அதனால் வெயில் இறங்கும் ஆழமில்லாத, அலையில்லாத இடங்களில், அதாவது அலையாத்திக் காட்டு ஓரம், கடற்புல் திட்டு, சேறு படிந்த காயல் மாதிரி இடங்களில் கூட்டமாகக் கிடக்கும். புளோரிடா, கரீபியன், செங்கடல், இந்தோ-பசிபிக் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும். மேலிருந்து பார்த்தால் காலிஃபிளவர் போலத்தான் தெரியும். கொஞ்சம் நின்று பாருங்கள், விளிம்பு மட்டும் சுருங்கிச் சுருங்கி விரிந்தால் அதேதான்.

சரி, தொடாமல் எப்படிக் கொட்டுகிறது? கலைத்தால் கோழை மாதிரி ஒரு சளியை வெளியே விடும். அதற்குள் கொட்டும் செல்கள் போர்த்திய குட்டி உருண்டைகள் இருப்பதையும், அவை தாமாகவே நகர்வதையும் 2020ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கேசியோசோம் என்று பெயர், அதிகம் போனால் அரை மில்லிமீட்டர் இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாது.

ஆகவே தூரமாக நிற்பது மட்டும் போதாது. முழுக்கை, முழுக்கால் லைக்ரா உடை போடுங்கள். துடுப்புக் காலணியால் தரையைக் கிளறாதீர்கள், பாதிப் பேர் வாங்கிக் கட்டிக்கொள்வது இதனால்தான் என்பது என் எண்ணம். நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே இருங்கள். முகமூடி போட்டாலும் உதடு திறந்துதான் இருக்கும், அங்கே சுருக்கென்றதும் திரும்பிவிடுங்கள்.

அரித்தால் கரையேறி, கடல் தண்ணீரால் அலசுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் வெடிக்காத செல்களும் வெடிக்கலாம். துண்டால், மணலால் தேய்க்கவே வேண்டாம். நீச்சலுடையைக் கழற்றுங்கள், துணிக்குள் சளி மாட்டியிருக்கும். அப்புறம் தோல் தாங்குகிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் 20 நிமிடம் வைக்கலாம். வினிகர் சில ஜெல்லி மீனுக்கு உதவும், சிலவற்றுக்குக் கெடுதல், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். சிறுநீர் வைத்தியம் வெறும் கதை.

வழக்கமாக அரிப்பும் எரிச்சலும் தானாகவே அடங்கிவிடும். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ, வெந்நீருக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.