ஸ்மார்ட்வாட்ச் காட்டும் எண்களில் எதை நம்பலாம்?

ஸ்மார்ட்வாட்சால் அன்றாட வாழ்க்கையில் பயன் உண்டா என்றால், உண்டு; அது காட்டும் எண்களில் பாதியைப் பொருட்படுத்தாமல் விடத் தெரிந்தவர்களுக்கு. ஏமாறுபவர்கள் பெரும்பாலும் கடையிலேயே ஏமாந்துவிடுகிறார்கள். பெட்டியின் பின்புறம் நாடித்துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், சர்க்கரை, மன அழுத்தம் என்று நீளமான பட்டியல் இருக்கும். விலை 1,500 ரூபாய். அந்தப் பட்டியலை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு.

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை உடையது. இதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. நல்ல கருவியில், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மலிவான கடிகாரத்தை ஒரு முறை சுருட்டிய துண்டில் கட்டிப் பாருங்கள். சில கடிகாரங்கள் துண்டுக்கும் கூசாமல் ஒரு நாடித்துடிப்பைக் காட்டும்!

சர்க்கரை அளவு விஷயத்தில் விளையாடவே கூடாது. ஊசி குத்தாமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் அனுப்பும் அளவைக் கடிகாரத்தில் பார்ப்பது வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கு அடியில் இருந்து அளக்கிறது. ரத்த அழுத்தமும் ஏறக்குறைய இதே கதைதான். சாம்சங் கடிகாரங்களில்கூட, கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியோடு ஒப்பிட்டு 28 நாட்களுக்கு ஒரு முறை சரிசெய்ய வேண்டும். அப்படி எதையும் கேட்காமலே 120/80 என்று காட்டும் கடிகாரம் எதை அளக்கிறதோ, அதற்கே வெளிச்சம்.

ஈசிஜி வசதி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பது இன்னொரு தவறு. ஆப்பிள் வாட்சில் 2018இல் வந்த இந்த வசதி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஆப்பிள் நிறுவனமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. மருத்துவமனையில் எடுப்பது 12 லீடு ஈசிஜி, அதாவது இதயத்தின் மின்துடிப்பை 12 கோணங்களில் பார்ப்பது; கடிகாரம் எடுப்பது ஒரே ஒரு லீடு. நெஞ்சு வலித்தால் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108ஐ அழையுங்கள்.

கலோரிக் கணக்கைப் பற்றி ஒரே வரி போதும்: ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே துல்லியமான கருவிகூட 27 சதவீதம் பிசகியது. எனவே 300 கலோரி எரித்துவிட்டோம் என்ற கணக்கில் கூடுதலாக இரண்டு வடை சாப்பிடுபவர்கள் யோசிக்க வேண்டும். தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்ற இலக்கும் மருத்துவர்கள் வகுத்ததன்று. 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கக் கிளப்பிவிட்ட எண். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக நடந்தோமா என்று பார்ப்பதற்குத்தான் கடிகாரம் உருப்படியாக உதவும்.

வளையல் போலத் தொளதொளவென்று கட்டினால் வெளி ஒளி புகுந்து அளவு கெடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் தள்ளி, தோலோடு படியும்படி கட்டுங்கள். தண்ணீர் புகாது என்பதற்கு 50 மீட்டர் என்று போட்டிருப்பது ஆய்வகச் சோதனையின் அழுத்தக் கணக்கு. 50 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். வெந்நீரும் சோப்பும் அதன் நீர்த்தடுப்பைக் கெடுக்கும்.

எல்லா வாட்ஸ்அப் குழுக்களின் அறிவிப்புகளையும் மணிக்கட்டுக்கு வரவிட்டவர்கள் ஒரே வாரத்தில் கடிகாரத்தைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். அழைப்பு, ஓடிபி, மாத்திரை நேரம் ஆகியவற்றை மட்டும் அனுமதித்தால் கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் வேலை பாதியாகக் குறையும். என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் உண்மையான பயன் இதுதான்.

வயதான பெற்றோருக்கு வாங்கித் தருபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி ஆப்பிள் வாட்சில் 55 வயது நிரம்பியவர்களுக்குத் தானாகவே இயங்கும். ஆனால் மகன் அவசரத்தில் தன் பிறந்த தேதியைப் பதிந்து கொடுத்திருப்பார். வசதி அணைந்தே கிடக்கும். அவசரத் தொடர்பு எண்ணையும் நிரப்பியிருக்க மாட்டார். பல கடிகாரங்கள் கைப்பேசி அருகில் இருந்தால்தான் அழைப்பு விடுக்கும். கைப்பேசியை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போகும் பழக்கம் உள்ளவர் என்றால், தனியாக இணைப்புள்ள இ-சிம் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கடையிலேயே விசாரித்துவிடுங்கள்.