காய்ச்சல் ரிப்போர்ட்டில் சிஆர்பி எண்ணைப் பார்ப்பது எப்படி?

மன்னார்குடியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சல்காரர்கள் கூட்டம்தான். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததும், "ஏம்மா, சிஆர்பி 40ன்னு போட்டிருக்கே, ஆஸ்பத்திரியில சேக்கணுமா?" என்று கேட்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்பதை முதலில் ரிப்போர்ட்டின் மூலையில் எழுதிவிடுங்கள்.

உடலில் அழற்சி ஏற்பட்டதும் கல்லீரல் சுரக்கும் புரதம்தான் சிஆர்பி. ஏறத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும்; உச்சம் தொட இரண்டு நாள் போல ஆகும். காரணம் நீங்கிவிட்டால் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் முதல் நாள் காலையில் 6 என்று குறைவாக வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். ஓரிரு நாள் கழித்து, அதே லேபில், மறுபடி பாருங்கள். 60 இருந்தது 30 ஆனால் நல்லது. 40 இருந்தது 90 ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், அலகைப் பாருங்கள். வடுவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு ஓர் இடத்தில் 6.2, மறுநாள் எங்களிடம் 58. வீடே கலங்கி வந்து நின்றது. முதல் தாளில் இருந்தது டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கு, mg/dL; எங்களுடையது லிட்டர் கணக்கு, mg/L. இங்கே நான் சொல்லும் மற்ற எண்களும் லிட்டர் கணக்குதான். பத்தால் பெருக்கினால் 62. உண்மையில் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது!

சாதாரண வைரஸ் காய்ச்சலில் சிஆர்பி பெரும்பாலும் மிதமாகத்தான் ஏறும். 100ஐத் தாண்டினால் பாக்டீரியா இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். கோவிட் இதற்கு விலக்கு. அதில் சிஆர்பி, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), டி-டைமர் (ரத்தக் கட்டி கரையும்போது வரும் துணுக்கு) மூன்றும் சேர்ந்து ஏறி, ஆக்சிஜனும் இறங்கினால் நோய் முற்றுகிறது என்று பொருள். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற கோவிட் மருந்து ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து சிஆர்பி 75ஐத் தொட்டவர்களுக்குத்தான் அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சிஆர்பி தானாகவே இறங்கும், வெள்ளையணு ஏறும்; அதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

டெங்குவுக்குச் சிஆர்பியை நம்பி உட்காராதீர்கள். அங்கே பிசிவியும் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) தட்டணுவும் (பிளேட்லெட்) தான் முக்கியம். 35 இருந்த பிசிவி 42 ஆகி, தட்டணுவும் சரிந்தால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் நடக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி டெஸ்ட் எதுக்கு" என்று அந்த நாளில் நின்றுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு பதறும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தட்டணு குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். நடவு வயல் சேற்றில் நின்றவருக்குத் தட்டணு குறைந்து, சிஆர்பி 150 என்று வந்தால், எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் டாக்டர் நினைவுக்கு வர வேண்டும். இரண்டும் வைரஸ் இல்லை, உரிய மருந்து உண்டு. "வயல்ல வேலை பார்த்தேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு சிறு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அதனால் கண்ணில் படாமலே போகும். அது உண்ணிக் கடியாக இருக்கலாம்.

மூச்சு வாங்குதல், விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், ஆள் சோர்ந்து குழறுதல், இதில் ஒன்று இருந்தாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை நாள் வரிசைப்படி அடுக்கிக் கையோடு எடுத்துப் போங்கள்.