காரைக்குடியிலிருந்து காரங்காடு: அலையாத்திக் காட்டில் முதல் படகுச் சவாரி

அலையாத்திக் காடு என்றாலே நம் பக்கத்து ஆட்கள் பிச்சாவரத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் தேவையில்லை. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் விரிகுடாக் கரையில் காரங்காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். தேவகோட்டை, திருவாடானை, தொண்டி வழியாகப் போய் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாளும் நேரமும்

சவாரி நன்றாக அமைவது பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. வலசைப் பறவைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலுக்குப் பிறகு வெயில்தான் மிஞ்சும்.

அடுத்து, வீட்டுத் தினக்காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல்நீர் கூடுதலாக ஏறி, கூடுதலாக வற்றும். அஷ்டமியை ஒட்டி அசைவு குறைவு. பாக் விரிகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனால் சதுப்பு கிட்டத்தட்ட சமதளம் என்பதால், ஒரு சாண் நீர் இறங்கினாலே பெரிய சேற்றுத் திட்டு வெளியே வந்துவிடும். நண்டும் புழுவும் அங்கே இருப்பதால் பறவைகளும் அங்கேதான் இறங்கும்.

முழு ஏற்றத்தில் போனால் பச்சை மரங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். முழு வற்றத்தில் படகு தரை தட்டும், இன்ஜின் விசிறி சேற்றைக் கிளறும். நீர் இறங்கத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன சமயம் சரியாக இருக்கும். நீர் ஏறி இறங்கும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் போய்வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. காற்றடித்தாலும் நீர்மட்டம் மாறும். முந்தின நாளே படகு விடுபவர்களிடம் போனில், “காலையில தண்ணி எப்ப இறங்கும்ணே? படகு எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள். கட்டணத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

2. எடுத்துப்போக

மங்கலான நிறச் சட்டை, நாடா கட்டிய தொப்பி, தண்ணீர். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். 10x என்றால் ஆடும் படகில் படம் நடுங்கும். காலைச் சாப்பாடு நாலு இட்லியோடு நிற்கட்டும். முறுக்கு, சீடையைத் தூக்குவாளியில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவர் காற்றில் பறந்தால் நேராக வேர்களில்தான் போய்ச் சிக்கும்.

3. ஏறும்போது

லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கியபின், ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள். படகின் நடுவில் கால்வைத்து ஏறி உடனே உட்காருங்கள். போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து.

கிழக்கே கடலைப் பார்த்துப் போகும்போது காலை வெயில் கண்ணில் அடிக்கும், பறவை வெறும் கருப்பு உருவமாகத் தெரியும். போகும்போது பக்கவாட்டுக் கரையைப் பாருங்கள். முன்னால் இருப்பதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

4. பார்ப்பது

முதலில் கரையோரச் சேறு. பென்சில் நட்டதுபோல் நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சுவிடுகிறது. இலையை உற்றுப் பார்த்தால் வெள்ளைப் பொடி தெரியும். அது மரம் வெளியே தள்ளிய உப்பு. வேர்களுக்கிடையே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டு ஆண். பெண்ணுக்கு இரண்டும் சிறிதாகவே இருக்கும். படகு நின்றதும் எல்லாம் வளைக்குள் போய்விடும். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கொக்கு, நாரை, நீர்க்காகம், செம்பருந்து, ஆலா எளிதில் தெரியும். கூழைக்கடா, பூநாரை உங்கள் அதிர்ஷ்டம். கூட்டத்தை நோக்கி நேராகப் படகை விடச் சொல்லாதீர்கள். சாய்வாகப் போய், தூரத்திலேயே இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். மேய்வதை விட்டுக் கழுத்தை நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இன்னும் நெருங்கினால் மொத்தக் கூட்டமும் பறந்துவிடும், அடுத்த படகுக்காரர்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

ஆவுளியாவை (கடல்பசு) காட்டச் சொல்லிப் படகுக்காரரைப் படுத்தாதீர்கள். அது வெளியே ஆழமில்லாத கடலில் கடல்புல் மேய்வது, இந்தக் கால்வாய்க்குள் தேடுவது வீண்.

5. இறங்கியபின்

பைனாகுலர் கண்ணாடியைச் சட்டையால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்புத்துகள் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.