உருவகக் கதை எழுதலாம் வாங்க, நீள நோட்டு ஒண்ணு போதும்

அலிகரின்னு சொல்றாங்களே, அதான் நம்ம உருவகக் கதை. மேல ஒரு கதை ஓடும், அடியில இன்னொரு விஷயம் கடைசி வரைக்கும் கூடவே ஓடும். உவமை ஒரு வரியோட முடிஞ்சிரும், இது முடியாது, அவ்வளவுதான், நேரா வேலைக்குப் போவோம்.

ஸ்டெப் 1: சொல்ல வேண்டிய விஷயம். நான் எடுத்தது எங்க ஊர் ஊரணி. அதுக்கு மழைத் தண்ணியைக் கொண்டு வர்ற வரத்துக்கால்ல தெருவுக்குத் தெரு கொஞ்சம் கொஞ்சமா மண்ணைக் கொட்டி மேடாக்கி, இப்ப மழை பெஞ்சாலும் தண்ணி வந்து சேர மாட்டேங்குது.

ஸ்டெப் 2: மேல ஓடுற கதை. செட்டிநாட்டு வீடு, வளவைச் (நடு முற்றம்) சுத்தி பர்மா தேக்குத் தூண், நாலு பங்காளி. மூத்தவரு "என் பங்குதானே"ன்னு ஒரு தூணைக் கழட்டி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைக்குப் போட்டுர்றாரு, அடுத்தவரும் அதேதான், மேல இருக்குற ஓடு எல்லாருக்கும் பொதுன்னு ஒருத்தருக்கும் தோணல.

ஸ்டெப் 3: முக்கால்வாசிப் பேர் மாட்டுறது இங்கதான். நோட்டுல நடுவுல கோடு போடுங்க. (ஆப் எல்லாம் வேணாம், போன்ல ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தெரியாது, பேரேடு மாதிரி நீள நோட்டுதான் என் சாய்ஸ்.) இடப்பக்கம் தூண், வலப்பக்கம் வரத்துக்கால். பங்காளிக்கு தெரு. ஓட்டுக்கு ஊரணித் தண்ணி. சரி, இந்த வீட்டுக் கதையில வத்தல் காயப்போடுற ஆச்சி ஒருத்தரும் வர்றாங்கன்னு வைங்க, அவங்களுக்கு எதிர்ல யாரு? யாருமில்ல! உடனே ஆச்சிதான் மழைன்னு எதையாவது ஒட்ட வைக்காதீங்க, கதை செத்துரும். ஆச்சி ஆச்சியாவே இருந்து, "கொடி கட்டக்கூட ஒரு தூணை விட்டு வைக்கலையேப்பா"ன்னு சொல்லிட்டுப் போகட்டும். கதையைத் தாங்குற சாமானுக்கு மட்டும் கண்டிப்பா ஜோடி வேணும். ஊரணிங்கிற வார்த்தையே கதைக்குள்ள வரக்கூடாது, அதைத் தெரியாதவங்க படிச்சாலும் வீட்டுக் கதை தனியா நிக்கணும்.

இது ஆரம்பிச்சது எங்கன்னா, கிரேக்கத்துல முதல்ல படிக்கிற முறையாத்தான் வந்துச்சு. ஹோமர் காவியத்துல சாமிங்களே அடிச்சுக்குதேன்னு குறை சொன்னப்ப, கிமு 6ஆம் நூற்றாண்டுல தியாகெனிஸ்ங்கிறவரு, அது நெருப்பும் தண்ணியும் மோதுறதுய்யான்னு விளக்கம் கொடுத்தாரு. அப்புறம்தான், குகைச் சுவத்துல விழுற நிழலையே நெசம்னு நம்புறவங்களைப் பத்தி பிளாட்டோ சொன்ன கதை எல்லாம். 1678ல ஜான் பன்யன் எழுதின மோட்சப் பயணக் கதையை வச்சு நம்ம எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடினதுதான் இரட்சணிய யாத்திரிகம்.

அப்டேட்: அளவுக்கு மீறி மயில்பீலி ஏத்துன வண்டி அச்சு முறியுற குறள் (475) அலிகரியான்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. வண்டியை மட்டும் சொல்லிட்டு, யாருக்குச் சொல்றோம்னு சொல்லாம விட்டா அது பிறிதுமொழிதல் அணி, ஒண்ணேமுக்கால் அடியில முடிஞ்சுருது. வண்டிக்காரன், சந்தை, போற வழின்னு சேர்த்து நீட்டினா உருவகக் கதை ஆயிரும். நீட்டிப் பாக்குறவங்க அச்சு எந்த இடத்துல முறியணும்னு முதல்லயே நோட்டுல குறிச்சு வச்சுட்டு ஆரம்பிங்க.